பதின்மூன்று வராத தாள்

மைக்ரான் அக்காவுக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அம்மா சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது. இப்போது நாற்பத்தெட்டு ஆகிறது, சக்கரம் தேய்ந்தபாடில்லை. டீ குடிப்பதென்றால் நின்றுகொண்டே குடிப்பாள். டிவி பார்ப்பதென்றால் துணி மடித்துக்கொண்டே பார்ப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, "எப்படி இருக்கே?" என்பாள். "இருக்கேம்மா" என்று மகள் கொஞ்சம் இழுத்துவிட்டால் போயிற்று. "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? நல்லா இருக்கியா, இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். கடைசியில் மகள் பொறுமை இழந்து, "நல்லா இருக்கேன், ரொம்ப நல்லா இருக்கேன், போதுமா?" என்றால்தான் இவளுக்கு மனசு ஆறும். ஒரு கவலை தீர்ந்தது என்று போனை வைத்துவிட்டு அடுத்த கவலைக்குப் போவாள்.

அவள் வேலை பார்ப்பது தண்ணீர் மோட்டாருக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளைச் செய்யும் ஆலையில். தண்டின் தடிமன் இருபது மில்லிமீட்டர். அதற்கு மேல் பன்னிரண்டு மைக்ரான் வரை கூடலாம். பதின்மூன்று கூடினால் தண்டு தள்ளுபடி. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக அரிந்தால் வரும் ஒரு துணுக்கு. "உங்க தலைமுடி ஒண்ணோட பருமன்ல எழுபது மைக்ரான் இருக்கு" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். வழுக்கைத் தலைக்காரரிடமும் அதையே சொல்லி ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

இருபத்தாறு வயதில் பேக்கிங்கில் சேர்ந்தவள். அளவு பார்க்கும் ஆள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது மைக்ரோமீட்டர் என்னும் அளவுக் கருவியைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஆள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இது என்னைவிட நல்லா பாக்குது" என்று வேறு பிரிவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தண்டுகளைத் தேய்த்து மெலிதாக்கும் கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு மேசைதான் அவள் இடம். அரை மணிக்கு ஒரு முறை மெஷினிலிருந்து ஐந்து தண்டுகளை எடுப்பாள். துடைப்பாள், அளப்பாள், தாளில் எழுதுவாள். ஒன்று எல்லையைத் தாண்டினாலும் மெஷினை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். மெஷினிலிருந்து வந்து தட்டில் சேர்ந்திருக்கும் தண்டுகள் அத்தனையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதனால் அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. "வேண்டாம்னு ஒரு பீஸைத் தள்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாக்கணும். அதுவும் பத்து பேர் கை பட்டு வந்ததுதானே" என்பாள். கேட்பவர்களுக்கு அது தர்மமாகத்தான் படும்.

அவளுடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுபவர். ஓட்டியவர் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில், நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவருக்குத் திரும்ப எடுக்க முடியவில்லை. கண் இருட்டி, தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது. வண்டி நின்றிருந்ததால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் மாத்திரை கொடுத்து, பிறகு ஒரு நோட்டு போடச் சொன்னார். தினமும் காலையில் வீட்டிலேயே அழுத்தம் பார்த்து மேல் எண்ணை எழுத வேண்டும். ஒரு மாதம் அது நூற்று நாற்பதுக்குக் கீழே நின்றால் வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுவார். நிற்காவிட்டால் மாத்திரையை மாற்றி இன்னும் ஒரு மாதம் பார்ப்பார். அதுவரை டிப்போவில் அவருக்குக் கேட் டூட்டி. உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி, மணி என்ன என்று எழுதிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். முப்பது வருடம் சாலையில் கத்தியே பழகிய மனிதர் இப்போது சத்தமே போடுவதில்லை.

மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நோட்டில் ஒரு நாள்கூட நூற்று நாற்பதைத் தொடவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே, ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். மகள் வாங்கி அனுப்பிய மெஷின். உறுமி, அடங்கி, 156 என்று காட்டியது.

"கையைத் தொங்கப் போட்டிருக்கீங்க. மேசை மேல வைங்க."

திரும்ப அழுத்தினாள். 147.

"பேசாதீங்க."

"நான் எங்க பேசினேன்?"

"இப்பப் பேசறீங்கள்ல? மூச்சை மெதுவா விடுங்க."

மூன்றாம் முறை 138. "பாத்தீங்களா, இதான் சரியான அளவு" என்று நோட்டில் எழுதிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்று ஆலையில் மேசைக்குப் பக்கத்தில் கணக்கு சார் நின்றிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் வந்த இன்ஜினியர். எதைக் கேட்டாலும் "ஒரு படம் போட்டுப் பாத்துரலாம்" என்பார். அதனால் கணக்கு சார். அவர் கையில் ஒரு கடிதம். மோட்டார் கம்பெனிக்காரர்கள் நாற்பத்தொரு தண்டுகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எல்லாமே எல்லைக்கு மேலே, பதின்மூன்று, பதினான்கு. பேரிங் வளையத்துக்குள் ஏறவில்லையாம்.

"நம்ம தாள்ல பாத்தா பதின்மூணு இருக்க வேண்டிய அளவுக்கு இல்லையே அக்கா" என்றார். மேசை மேல் ஒரு படத்தை விரித்தார். போன மாதம் எழுதிய அளவுகளில் ஏழு எத்தனை, எட்டு எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண். ஏழில் உயரமாக நின்ற தூண்கள் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தன. பன்னிரண்டில் திடீரென்று ஒரு தூண் கழுத்தை நீட்டியது. பதின்மூன்றில் தூண் பாதியாக ஒடிந்திருந்தது.

"மெஷினுக்கு நம்ம எல்லை எதுன்னு தெரியாது. பன்னெண்டு வரைக்கும் வந்துட்டு, ஐயோ பதின்மூணுன்னு பயந்து நிக்காது. அது பாட்டுக்கு இறங்கித்தான் போகணும். இங்க யாரோ பதின்மூணைத் தூக்கிப் பன்னெண்டுல போட்டிருக்காங்க."

"மெஷின் போடல, மனுஷன் போட்டிருக்கான்னு சொல்றீங்க."

"ஆமா. யாருன்னு தெரியணும். தாள்ல கையெழுத்து யாரோடதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு ஷிப்டையும் பிரிச்சுக் கொடுங்க."

அக்காவுக்குப் பிரிக்கவே தேவையில்லை என்று தோன்றியது. அளவு பார்க்கிறவர்கள் மொத்தமே இரண்டு பேர். காலை ஷிப்டில் அவள். மதிய ஷிப்டில் பேப்பர் அண்ணன். அளக்கும் மேசையில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, விளையாட்டுப் பக்கத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே ஐந்து தண்டு அளக்கிற மனிதர். தண்டை ஒரு முறை கவ்வுவார், எண்ணைப் பார்ப்பார், எழுதுவார், பக்கத்தைப் புரட்டுவார். அவர் ஷிப்டில் மெஷின் அடிக்கடி நிற்கும். அவள் ஷிப்டில் நிற்பதே அபூர்வம். நோட்டீஸ் பலகையில் 'குறைந்த தள்ளுபடி' என்று போன வருடம் முழுக்க அவள் பெயர்தான் தொங்கியது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். அவர் ஏனோதானோ. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அண்ணன் அளக்காமலேயே எழுதியிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டாள். பாவம், இந்த வயதில் மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டாள்.

பச்சைப் பென்சில் தனக்கு, சிவப்பு அண்ணனுக்கு. ஒரு மாதத்துத் தாள்கள். ஆளுக்கு இரண்டாயிரம் அளவுகளுக்குக் கொஞ்சம் குறைவு. அளவு பார்க்கும் இடைவேளைகளில் நின்றுகொண்டே கோடு போட்டாள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. வியாழக்கிழமை மதியம் பாதிக்கு மேல் முடிந்தபோது சிவப்பில் பதின்மூன்றின் எதிரே கோடுகள் வரிசையாக நின்றன. அவளுக்குப் புரியவில்லை. அண்ணனுடைய பதின்மூன்று அங்கேயே இருக்கிறது, பதினான்கும் இருக்கிறது. பச்சையில் பதின்மூன்று காலி. பச்சையில் பன்னிரண்டு நிரம்பி, கட்டம் போதாமல் ஓரத்தில் வழிந்தது.

பென்சிலை வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். வந்து, தாள்களை முதலிலிருந்து எண்ணினாள். தண்ணீர் குடித்தாள். அண்ணனுடைய தாள் ஏதாவது தன் கட்டில் கலந்துவிட்டதோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கலக்கவில்லை. அவள் எழுதும் ஏழுக்கு ஒரு கொக்கி உண்டு. எல்லாத் தாளிலும் கொக்கி இருந்தது.

முடித்தபோது கணக்கு இதுதான். அண்ணனுக்குப் பன்னிரண்டு அறுபத்து மூன்று, பதின்மூன்று முப்பத்தைந்து, பதினான்கு பதினேழு, பதினைந்து ஏழு. அவளுக்குப் பன்னிரண்டு நூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று ஒன்று, பதினான்கு இல்லை, பதினைந்து ஆறு. அண்ணனின் படம் மலைச்சரிவு போல ஒழுங்காக இறங்கியது. அவளுடையது சுவரில் முட்டியது.

கணக்கு சார் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் பொய் எழுதல சார்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இருபத்திரண்டு வருஷத்துல மைக்ரோமீட்டர் காட்டாத எண்ணை ஒரு தடவை எழுதினது இல்ல. என் பொண்ணு மேல ஆணை."

"தெரியும்கா. பதின்மூணு வந்தா என்ன செய்வீங்க?"

"துடைச்சிட்டு இன்னொரு தடவை அளப்பேன். எண்ணெய் ஒட்டியிருக்கும், தூசி இருக்கும். தள்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டாமா?"

"மறுபடி பதின்மூணு வந்தா?"

"கொஞ்சம் திருப்பி அளப்பேன்."

"பன்னெண்டு வந்தா?"

"எழுதுவேன்."

அவர் தலையை ஆட்டினார். குற்றம் கண்டுபிடித்த முகம் இல்லை அது. அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. "அக்கா, ஏழு வந்தப்ப என்னைக்காவது துடைச்சு இன்னொரு தடவை அளந்திருக்கீங்களா?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஏழு வந்தால் எதற்கு அளக்க வேண்டும்?

"கை ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு மைக்ரான் முன்னப்பின்ன போகும். யாருக்கும் போகும். திரும்பத் திரும்ப அளந்தா பதினாலும் என்னைக்காவது பன்னெண்டு காட்டும். அது வர்ற வரைக்கும் அளந்துட்டு, வந்ததும் நிறுத்தினா, அது அளக்கறது இல்லைக்கா, கேட்டு வாங்கறது. ரெண்டு தடவை அளக்கறது தப்பே இல்ல. கெட்டது வந்தா மட்டும் ரெண்டு தடவைங்கறதுதான் தப்பு."

"அப்ப அந்த அண்ணன்?"

"அவர் ஒரு தடவைதான் அளக்கறார். வந்ததை எழுதறார்."

"அவருக்குச் சோம்பேறித்தனம் சார்" என்றாள் அக்கா ஆற்றாமையுடன்.

"சோம்பேறித்தனம்தான். ஆனா மெஷின் எப்படி இருக்குன்னு அவர் தாளைப் பாத்தாத்தான் தெரியுது" என்றார் கணக்கு சார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்று மாலை அவள் தன் முதுகைச் சுமந்துகொண்டுதான் வீடு வந்தாள். ஒரு வேலையும் ஓடவில்லை. துடைத்த அடுப்பையே துடைத்தாள். "என்னாச்சு உனக்கு?" என்று அவர் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, வேலையில ஒரு கணக்கு உதைக்குது" என்றாள்.

"நாளைக்கு டாக்டர்" என்றார் அவர். அந்த வாரத்திலேயே அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது அப்போதுதான். காக்கிச் சட்டையை எடுத்துப் பார்த்து, ஒரு பொத்தான் ஆடுகிறது, தைத்துவிடு என்றார். தைத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பட்டையைச் சுற்றினாள். 152.

"கை நேரா இல்ல" என்று வாய் தானாகவே சொன்னது. 145. "காலைப் பின்னிக்கிட்டு உக்காராதீங்க." 139. நோட்டை எடுத்துத் தேதியை எழுதினாள். தேதிக்குப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். 136, 138, 139, 139, 137, 138. இருபத்தொன்பது நாளில் 138-உம் 139-உம் மட்டும் பதினெட்டு. நூற்று நாற்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. நேற்று தன் கையால் பச்சையில் போட்ட படம் இங்கே நீல மையில் உட்கார்ந்திருந்தது.

"என்ன, எழுதலையா?" என்றார் அவர்.

"முதல்ல எவ்வளவு வந்துச்சு?"

"எதுக்கு இப்ப அது?"

"நூத்தம்பத்திரண்டு" என்று தானே சொல்லிக்கொண்டு அவள் மெஷினைக் கையில் எடுத்தாள். ஓரத்தில் 'எம்' என்று ஒரு பொத்தான் உண்டு, இதுவரை தொட்டதில்லை. அழுத்தினாள். பழைய அளவுகள் ஒவ்வொன்றாக, தேதியோடும் மணியோடும், பின்னோக்கி வந்தன. அவள் வேண்டாம் என்று விட்டது எல்லாவற்றையும் அது பத்திரமாக வைத்திருந்தது. ஒவ்வொரு நாளின் முதல் அளவு: 149, 156, 161, 153, 158. ஒரு நாள் 171. அன்று ஐந்து முறை அழுத்தியிருக்கிறாள். அந்தக் காலை அவளுக்கு நினைவே இல்லை.

"ஏங்க, நான் தப்புப் பண்ணிட்டேன். உங்களுக்கு இன்னும் குறையல. நல்ல எண் வர்ற வரைக்கும் அழுத்தி அழுத்தி எழுதியிருக்கேன்."

அவர் எட்டிப் பார்த்தார். பிறகு மெஷினை அவள் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார்.

"ஒரு மாசமா வராத ஞானம் இன்னைக்குன்னு பாத்து வந்துச்சா?"

"சாயந்திரம் இதையும் கொண்டு போவோம்."

"நோட்டை மட்டும் கொண்டு போனாப் போதும். மெஷின் வீட்டுலயே இருக்கட்டும்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "வண்டி ஓட்டினவன் மூணு மாசமா வண்டி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன். என்கிட்ட கியர் போடக் கத்துக்கிட்ட பய கேட்டைத் தாண்டறப்ப ஹாரன் அடிச்சிட்டுப் போறான். உனக்கு மைக்ரான் எல்லாம் தெரியும், இது தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு."

நோட்டை அவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அவள் ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள்.

ஆலையில் கிடங்கில் இருந்த தண்டுகளை எல்லாம் இறக்கி வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்தோடு அனுப்பத் தயாராக இருந்தவை. எழுநூற்றுச் சொச்சம். அத்தனையையும் திரும்ப அளக்க வேண்டும். அண்ணனை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார்கள். செய்தித்தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

"அண்ணே, உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அட போம்மா. நானே என்னைச் சந்தேகப்பட்டேன்" என்றார் அவர். "நீ இவ்வளவு கஷ்டப்பட்டு அளக்கறே, உனக்கு எல்லாம் நல்லா வருது, எனக்கு மட்டும் ஏன் பதின்மூணு வருதுன்னு எவ்வளவு நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? ராசி சரியில்லைன்னு விட்டுட்டேன்."

ஒரு முறை அளக்க வேண்டும், வந்ததை எழுத வேண்டும். முதல் பதின்மூன்று வந்தபோது அவள் விரல்கள் துணியைத் தேடின. துணியை அண்ணன் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுதினாள். பிறகு ஒரு பதினான்கு. அதையும் எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் வீட்டு மேசை நினைவுக்கு வந்தது, மேசைமேல் மெஷின், எதிரே தைத்த பொத்தானோடு காக்கிச் சட்டை. நோட்டை மட்டும் காட்டினால் அவர் திங்கட்கிழமை வண்டியில் ஏறுவார். சிரிப்பார், கத்துவார், பழைய மனிதராகத் தட்டில் சோறு கேட்பார். மெஷினையும் காட்டினால் இன்னும் ஒரு மாதம் அந்த ஸ்டூல், அதற்குப் பிறகும் என்னவோ. அவருக்கு இதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. இந்தப் பக்கம் போனால் இடி, அந்தப் பக்கம் போனால் அடி. சாப்பாட்டு இடைவேளையில் ஆலையின் மதில் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்றில், கொண்டு போவதுதான் என்று முடிவெடுத்தாள். அவர் பேசாமல் போனாலும் போகட்டும். பேசாமல் இருக்கவாவது ஆள் இருக்க வேண்டும்.

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு ஓடினாள். மேசைமேல் மெஷின் இல்லை. அலமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், எங்கும் இல்லை. ஒளித்து வைத்துவிட்டார் என்று புரிந்தபோது ஆத்திரம் வந்தது; அதற்குப் பின்னாலேயே அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தனியாகவே டாக்டரிடம் போனாள். மெஷின் இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே.

அவர் டிப்போவிலிருந்து நேராக வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

உள்ளே டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "பரவாயில்லையே. ஒரு நாள்கூடத் தாண்டல. மாத்திரை நல்லாக் கேட்டிருக்கு" என்று பேனாவைத் திறந்தார்.

அக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "டாக்டர், அந்த நோட்டு" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவள் வீட்டுக்காரர் தன் பைக்குள் கையை விட்டு, பட்டையைச் சுற்றிய மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மிச்சம் இதுல இருக்கு டாக்டர்" என்றார்.

டாக்டர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பேனாவை மூடினார். திட்டவில்லை. தினமும் இரண்டு முறை பாருங்கள், நல்லது வந்தாலும் இரண்டு, கெட்டது வந்தாலும் இரண்டு, இரண்டையும் எழுதுங்கள் என்றார். மாத்திரையை மாற்றினார். இன்னும் ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டிப்போவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினார்கள். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"ஏங்க கொண்டு வந்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ போனப்புறம் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். உன் கண்ணுல படாம இருக்கணும்னுதான். கேட்ல உக்காந்துக்கிட்டு வண்டிய எண்ணறப்ப, இன்னைக்குப் பாத்து அதுல ஏறப்போற ஜனங்களையும் எண்ணிட்டேன். அதுக்கப்புறம் அதை ஒளிச்சு வைக்க முடியல."

அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கூட்டத்தில் பிடிக்கவில்லை.

முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பேருந்து குலுங்கி வேகம் தணிந்தது. அப்புறம்தான் அவள் வீட்டுக்காரரின் வலது கால், தானே பிரேக் மிதிப்பது போல, தரையை ஓங்கி அழுத்தியது. வண்டி கிட்டத்தட்ட நின்ற பிறகு. அளந்து பழகிய கண், அவள் பார்த்துவிட்டாள். அவரும் குனிந்து தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"லேட்டு" என்றார். "முப்பது வருஷத்துல இப்படி வந்ததில்ல."

"நீங்க காலை மடக்கி உக்காந்திருக்கீங்க" என்றாள் அவள் உடனே. "நேரா வைங்க. அடுத்த பிரேக்ல இன்னொரு தடவை பாக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தார், டிரைவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு. அக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். காலையில் தேதியோடு விட்டிருந்த வரியில் 152 என்று எழுதினாள்.